பட்டன் காளானில் நச்சு காட்டிய எலைசா: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

காளான் சாற்றில் ஆன்டிபாடி சோதனை செய்கிறவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், முதலில் நான் ஒரு வாரம் திண்டாடிய கதையை எழுதிவிடுகிறேன்.

காட்டுக் காளான்களில் அமாடாக்சின் எவ்வளவு இருக்கிறது என்று எலைசா கிட்டில் (ஆன்டிபாடியை வைத்து, நிறத்தைப் பார்த்து அளவு சொல்லும் சோதனை) பார்க்கும் வேலை. அமானிட்டா ஃபல்லாய்டிஸ் போன்ற காளான்களில் இருக்கும் நச்சு இது, செல்லுக்குள் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 என்ற நொதியை முடக்கிக் கல்லீரலை அழித்துவிடும், வேகவைத்தாலும் போகாது. காயவைத்து அரைத்த தூளை மெத்தனாலும் தண்ணீரும் சரிபாதி கலந்ததில் ஊறவைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்த சாற்றை எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டன் காளானையும் அதே மாதிரி செய்துகொண்டேன், அதில் அமாடாக்சின் கிடையாது.

நொதி பட்டால் நீலமாகும் டிஎம்பி கரைசலை விட்டதும், நச்சே இல்லாத நெகட்டிவ் குழிகள் நல்ல நீலமாக ஏறின. பட்டன் காளான் விட்ட மூன்று குழிகளும் வெளிறிப்போய், வெள்ளைத் துணி அலசிய தண்ணீர் மாதிரி நின்றன. அமிலம் விட்டு 450 நானோமீட்டரில் படித்தேன். இந்தச் சோதனையில் நிறம் குறைந்தால் நச்சு கூடுதல், கணக்குப்படி அது கடும் நச்சுக் காளான்!

காரணம் சோதனையின் அமைப்பிலேயே இருக்கிறது. அமாடாக்சின்களில் ஒன்றான ஆல்பா அமானிட்டினின் மூலக்கூறு எடை வெறும் 919 டால்டன்தான், இரண்டு ஆன்டிபாடிகள் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள அதில் இடம் போதாது. அதனால் சாண்ட்விச் முறை சரிப்படாது, போட்டி முறைதான். சாற்றில் உள்ள நச்சும் நொதி ஒட்டிய நச்சும் அதே ஆன்டிபாடிக்கு முட்டிமோதும், சாற்றில் நச்சு கூடினால் நொதி ஒட்டியது குறைவாகவே தங்கும், நிறமும் குறையும். இங்கேதான் சிக்கல். மெத்தனாலோ, அமிலத்தன்மையோ, காளானின் பீனால்களோ, எது ஆன்டிபாடியைப் பிடிக்கவிடாமல் கெடுத்தாலும் நிறம் குறையத்தான் செய்யும், நம் கண்ணுக்கு அது நச்சாகவே தெரியும்.

எனக்கு இது உடனே உறைக்கவில்லை. அரைக்கும் ஜாடியில் பழைய தூள் ஒட்டியிருக்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் கழுவி, பிப்பெட் டிப் எல்லாம் மாற்றி, மறுபடி செய்தேன், அதே வெளிறல். அப்புறம்தான் காளானே சேர்க்காத வெறும் மெத்தனால் கலவையை ஒரு குழியில் விட்டுப் பார்த்தேன். அதிலும் நிறம் குறைந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. அப்படியென்றால் மிச்சம் காளானிலிருந்தே வருகிறது.

அடுத்து சாற்றைக் கிட்டின் பஃபரில் 10 மடங்கு, 50 மடங்கு, 200 மடங்கு என்று நீர்த்து ஓட்டினேன். உண்மையிலேயே நச்சு இருந்தால் நீர்த்த மடங்கால் பெருக்கும்போது எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து நிற்க வேண்டும். அமானிட்டா தூளில் அப்படித்தான் நின்றது. பட்டன் காளானிலோ ஒவ்வொரு முறையும் சரிந்துகொண்டே போய், 200 மடங்கில் நெகட்டிவ் குழியோடு சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து, தெரிந்த அளவு நச்சுகளை வைத்து வரையும் ஸ்டாண்டர்ட் கர்வையும் நீர்த்த பட்டன் காளான் சாற்றிலேயே போடுகிறேன், வெறும் பஃபரில் போடுவதில்லை. தெரிந்த அளவு நச்சை அதே சாற்றில் கலந்து, போட்டது திரும்ப வருகிறதா என்றும் ஒவ்வொரு தட்டிலும் பார்க்கிறேன். குழிகள் கூடுதலாகச் செலவாகும்தான், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. இவ்வளவு சிறிய மூலக்கூறை அப்படியே செலுத்தினால் விலங்கின் உடம்பு ஆன்டிபாடி செய்யாது, ஏதாவது புரதத்தில் ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். எந்த முனையில் ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்து ஆன்டிபாடி ஆல்பாவை நன்றாகப் பிடித்து, இன்னொரு அமாடாக்சினான பீட்டா அமானிட்டினைப் பாதி கோட்டைவிடலாம். ஆகவே எலைசா தரும் எண்ணை மொத்த நச்சின் அளவு என்று எழுதாதீர்கள், கிட்டோடு வரும் தாளில் எந்த நச்சை ஆன்டிபாடி எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் கிராஸ் ரியாக்டிவிட்டி பட்டியலைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

*

அக்கா, நீங்கள் சொன்ன அதே தலைகீழ் கணக்கு, அமாடாக்சின் பார்க்கும் பட்டைச் சோதனையில் எங்களுக்கு ஆபத்தாக முடியப் பார்த்தது. காளான் தேடப் போகும் ஒரு குழுவோடு போயிருந்தேன். ஒருவர் அரிசி அளவு துண்டைக் கிள்ளி, பஃபரில் ஒரு நிமிடம் குலுக்கி, சொட்டுவிட்டார். பத்து நிமிடம் கழித்து ஒரே ஒரு கோடு. "ஒரு கோடுதான், நெகட்டிவ், பயமில்லை" என்று சொல்லிக் கூடையில் போடப் போனார். கொரோனா கிட், கர்ப்பச் சோதனை எல்லாம் பார்த்துப் பழகிய கண், வேறு எப்படிப் படிக்கும்? இந்தப் பட்டையிலும் போட்டி முறைதான். நச்சு இருந்தால் சோதனைக் கோடு மறைந்துவிடும், கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் நிற்கும். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, பட்டையோடு வந்த தாளைப் பிரித்துக் காட்டினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு கோடு வந்தாலும் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை என்பதையும் அன்றைக்கே எல்லோரிடமும் சொன்னேன். அந்த ஆன்டிபாடிக்கு அமாடாக்சின் மட்டும்தான் தெரியும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஒரெல்லனினோ, கைரோமிட்ரினோ, மஸ்கரினோ என வேறு காளான் நச்சு இருந்தாலும் பட்டையில் இரண்டு கோடும் பளிச்சென்று வரும்.

*

நல்லவேளை தம்பி, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அவர் துண்டை எங்கிருந்து கிள்ளினார்? கேட்கக் காரணம், தொப்பிக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுளில் நச்சு அதிகம், தண்டடியில் இருக்கும் உறையில் குறைவு.

*

செவுளில்தான் அக்கா. தொப்பியின் அடியில், தண்டுக்கும் ஓரத்துக்கும் நடுவே.