டாக்டர் ஹூவைக் காதால் கேட்டவர்கள்

‘டாக்டர் ஹூ’ பி.பி.சி.யின் அறிவியல் புனைகதைத் தொடர். காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கிற டாக்டராக ஒருவர் பின் ஒருவராகப் பல நடிகர்கள் நடித்திருக்கிறார்கள். அதைக் காதால் கேட்ட ரசிகர்கள் மூன்று பேர் இங்கே ஆளுக்கொரு பகுதியாகப் பேசுகிறோம். கோலின் பேக்கர் நடித்த ஆறாவது டாக்டரைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, பிக் ஃபினிஷ் என்ற நிறுவனத்தின் ஒலி நாடகங்களில் அவர் குரலைக் கேட்டிருக்கிறீர்களா என்பதுதான். டி.வி.யில் அவருக்குக் கிடைத்தது 1984 முதல் 1986 வரை மட்டும். கண்ணைக் கூசவைக்கிற பல வண்ணக் கோட், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிற குணம், முதல் கதையிலேயே கூடப் பயணிக்கிற பெரியின் கழுத்தை நெரிக்கிற காட்சி. அப்புறம் பி.பி.சி. அவரை நீக்கிவிட்டது, வேறொருவரை நடிக்க வைத்தது, 1989-இல் தொடரையே நிறுத்திவிட்டது. ஒரு நல்ல நடிகர் இப்படித்தான் நினைவில் நிற்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், 1999-இல் பிக் ஃபினிஷ் பழைய டாக்டர்களை வைத்து ஒலி நாடகங்கள் போடத் தொடங்கியது. ஒலியில் அந்தக் கோட் தெரியாது. மிச்சம் இருப்பது குரல் மட்டும், அந்தக் குரல் எவ்வளவு அருமையானது என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அவரோடு எவ்லின் ஸ்மைத் என்று ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார்கள். வழக்கமாக டாக்டரோடு போகிறவர்கள் இளம் பெண்கள். எவ்லின் ஐம்பது வயதைக் கடந்த வரலாற்று விரிவுரையாளர், கோகோ பிரியர், டாக்டர் கத்தினால் பதறாமல் நின்று வாதாடுகிறவர். மேகி ஸ்டேபிள்ஸ் அந்தப் பாத்திரத்தை அப்படியே வாழ்ந்தார். இவர்கள் இரண்டு பேரும் பேசுவதைக் கேட்கும்போது, டாக்டர் ஏன் கத்துகிறார் என்பதே புரிய ஆரம்பிக்கிறது. 2014-இல் மேகி காலமான செய்தியைப் படித்தபோது, சந்தித்தே இராத ஒருவருக்காக நான் அன்று முழுவதும் வருத்தப்பட்டேன்.

நான் இதையெல்லாம் கேட்டது லண்டனில் வேலைக்குப் போகிற ரயிலில். இறங்குகிற இடம் டவர் ஹில், லண்டன் கோபுரம் என்ற பழைய கோட்டைக்குப் பக்கத்தில். 2003-இல் வந்த ‘ஜூபிலி’ நாடகத்தில் ஒரே ஒரு டாலெக்கை (டாலெக்குகள் இயந்திரக் கூட்டுக்குள் வாழ்கிற வேற்றுக்கிரகவாசிகள், டாக்டரின் பரம எதிரிகள்) அந்தக் கோபுரத்துக்குள்தான் அடைத்து வைத்திருப்பார்கள். டாலெக்குகளைத் தோற்கடித்த பெருமையில் கொழுத்துப்போன ஒரு இங்கிலாந்துப் பேரரசு, வெற்றியின் நூற்றாண்டு விழாவில் அதைப் பொதுமக்கள் முன்னால் கொல்லத் தயாராகிறது. எவ்லின் அந்த டாலெக்கோடு தனியாகப் பேசுகிற இடம் வரும். அதைக் கேட்டுவிட்டு ரயிலை விட்டு இறங்கி அந்த மதில் ஓரமாக நடந்துபோவது சாதாரண அனுபவம் இல்லை. ராபர்ட் ஷியர்மன் எழுதியது. 2005-இல் டி.வி. தொடர் திரும்பி வந்தபோது, இந்தக் கருவை வைத்துத்தான் அவரே ‘டாலெக்’ அத்தியாயத்தை எழுதினார். டி.வி.யில் அது நன்றாகவே இருந்தது. ஆனால் ‘ஜூபிலி’யில் டாலெக்கை விட மனிதர்கள்தான் அதிகமாகப் பயமுறுத்துகிறார்கள், அது எனக்குப் பெரிய விஷயம்.

*

நீங்கள் ஆறாவது டாக்டரைச் சொன்னீர்கள், நான் எட்டாவது டாக்டர் கட்சி. பால் மெக்கானுக்கு டி.வி.யில் கிடைத்தது 1996-இல் வந்த ஒரே ஒரு படம், அதோடு சரி. தொடர் எடுக்கவில்லை. 2001-இல் ‘ஸ்டார்ம் வார்னிங்’ ஒலி நாடகத்தில் அவர் திரும்பி வந்தார். கதை நடக்கிற இடம் ஆர்101 என்கிற ஆகாயக் கப்பல். உண்மையில் 1930 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சிக்குக் கிளம்பி, பிரான்சில் போவே அருகே விழுந்து எரிந்தது, 48 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலில் திருட்டுத்தனமாக ஏறிய சார்லி பொல்லார்ட் என்ற பெண்ணை டாக்டர் காப்பாற்றிவிடுகிறார். வரலாற்றின்படி அவள் அங்கேயே இறந்திருக்க வேண்டும். அந்த ஒரு தப்பு பல கதைகளுக்குத் துரத்திக்கொண்டே வருகிறது.

எனக்கு இரவுப் பணி. ‘தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’டை (இதுவும் ஷியர்மன்தான்) ஒருமுறை நள்ளிரவு இடைவேளையில் ஆள் இல்லாத ஓய்வறையில் கேட்டேன். எட்வர்டு மன்னர் காலத்துப் பெரிய வீடு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, கீழ்த்தளத்தில் வேலைக்காரர்கள், மணி அடிக்க அடிக்க ஒவ்வொருவராகச் சாகிறார்கள், செத்த பெண்ணைப் பற்றி அங்கே யாருக்கும் அக்கறை இல்லை, ஏனென்றால் அவள் பாத்திரம் கழுவுகிறவள்தானே. பேய்க்கதை மாதிரி தொடங்கி, யாரும் மதிக்காத ஒரு உயிரைப் பற்றிய கதையாக மாறுகிற அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. படமாக எடுத்திருந்தால் வீட்டையும் உடைகளையும் பார்த்துக்கொண்டு இருந்திருப்போம். காதில் மட்டும் கேட்கும்போது கடிகாரச் சத்தத்திலிருந்து தப்பிக்க வழியே இல்லை.

2013 நவம்பரில் ‘தி நைட் ஆஃப் தி டாக்டர்’ என்ற குறும்படத்தில் மெக்கான் திரும்ப வந்தார், நினைவிருக்கிறதா? சாவதற்கு முன்னால் சார்லி, கிரிஸ், லூசி, டாம்சின், மாலி என்று பெயர்களைச் சொல்வார். எல்லாமே ஒலி நாடகங்களில் கூட வந்தவர்களின் பெயர்கள். பன்னிரண்டு வருடமாக நாங்கள் காதில் கேட்டு வளர்த்த மனிதர்களை டி.வி. வாய்விட்டு ஒப்புக்கொண்ட நாள் அது. நான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

*

நான் உங்கள் இருவருக்கும் பின்னால் போகிறேன், 1960-களுக்கு. பி.பி.சி. பழைய நாடாக்களை அழித்துவிட்டதால் முதல் இரண்டு டாக்டர்களின் பல அத்தியாயங்களுக்குப் படம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஒலி முழுக்க இருக்கிறது! வீடியோ பதிவு வீட்டுக்கு வராத காலத்தில், ரசிகர்கள் டேப் ரெக்கார்டரை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள். அதில் பல பேர் பள்ளிப் பிள்ளைகள். அந்த நாடாக்களைச் சுத்தம் செய்து, நடுநடுவே விவரிப்புச் சேர்த்து பி.பி.சி. பிற்பாடு வெளியிட்டது. ஒரு பெரிய நிறுவனம் குப்பை என்று நினைத்ததை இந்தப் பிள்ளைகள் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

இதில் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வது 1966-இல் ஒளிபரப்பான ‘தி மசாக்கர்’. 1572-இல் பாரிஸில் ஹ்யூகனாட்டுகளை, அதாவது பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களை, கொன்று குவித்த நாட்களில் நடக்கிற கதை. நான்கு அத்தியாயங்களுக்கும் படம் இல்லை. கடைசியில் கூடப் பயணிக்கிற ஸ்டீவன் கோபித்துக்கொண்டு டாக்டரின் காலப்பயண வாகனமான டார்டிஸை விட்டு இறங்கிவிடுகிறான், முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெல் தனியாக நின்று பேசுகிறார். தன்னை விட்டுப் போனவர்களை ஒவ்வொருவராக நினைக்கிறார், சொந்த ஊருக்குத் திரும்பலாமா என்று யோசிக்கிறார், முடியாது என்கிறார். வசனத்தில் தடுமாறுகிறவர் என்று ஹார்ட்னெல்லைப் பற்றிச் சொல்பவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். விவரிப்பைப் படிக்கிறவர் ஸ்டீவனாக நடித்த பீட்டர் பர்வெஸ், அதனால் அந்தப் பிரிவு இன்னும் கனமாக இருக்கிறது.

ஒலிப் புத்தகங்களிலும் இப்படி ஒன்று இருக்கிறது. டாலெக்குகள் முதன்முதலில் வந்த கதையை 1964-இல் டேவிட் விட்டேக்கர் நாவலாக எழுதினார், இயன் என்ற பள்ளி ஆசிரியர் தானே சொல்வதுபோல. அதைப் பல வருடம் கழித்துப் படித்தவர், டி.வி.யில் இயனாக நடித்த வில்லியம் ரசல்! வயதான குரலில் ஒருவர் தன் இளமைப் பயணத்தை நமக்குச் சொல்வது போலவே இருக்கும். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த என் அம்மாவுக்கு இந்தத் தொடரைப் பற்றி ஒன்றுமே தெரியாது, இதைப் போட்டுக் காட்டியபோது வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டார்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில், மார்க் பிளாட் எழுதிய ‘ஸ்பேர் பார்ட்ஸ்’. 2002-இல் வந்தது, உடலை இயந்திரமாக மாற்றிக்கொண்டு உணர்ச்சியற்றுப்போன சைபர்மேன்கள் எப்படி உருவானார்கள் என்ற கதை. அழிந்துகொண்டிருக்கிற ஒரு நகரம், அதில் ஒரு எளிய குடும்பம், அந்த வீட்டுப் பெண்ணைக் கொண்டுபோய் மாற்றிவிடுகிறார்கள், அவள் திரும்பி வீட்டுக்கே வருகிறாள். முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். தொடரை ஒரு நிமிடம்கூடப் பார்த்திராதவர்களுக்கும் தைரியமாகக் கொடுக்கலாம். நான்கு பகுதிகள், மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குப் பக்கம் வரும், இயர்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள், மூன்றாம் பகுதியை ஆரம்பித்தால் நான்காவதை நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள்.