ரொட்டிக்கு ஒரு சார்ட்டில் 71, இன்னொன்றில் 100. எதைச் சொல்வது?

கேள்வி: புது டயட்டீஷியன்
வணக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் சேர்ந்து 4 மாதம் ஆகிறது. எங்கள் அறைச் சுவரில் இருக்கும் ஜிஐ சார்ட்டில் (கிளைசீமிக் இன்டெக்ஸ், அதாவது ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண்) வெள்ளை ரொட்டிக்கு 71. நேற்று ஒருவர் கொண்டுவந்த பிரிண்ட் அவுட்டில் 100. "எதும்மா சரி?" என்றார். ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினேன். போதாக்குறைக்கு சுவர் சார்ட்டில் தர்பூசணி 72 என்று சிவப்பில், ஐஸ்கிரீம் பச்சையில்! இதை நோயாளி கையில் கொடுக்கலாமா?

பதில்: 22 வருட டயட்டீஷியன்
இரண்டும் சரிதான், அளவுகோல்தான் வேறு. 1981-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழு இதைக் கொண்டுவந்தபோது குளுக்கோஸை 100 என்று வைத்தது. பிறகு வெள்ளை ரொட்டியையே 100 ஆக வைத்தும் அளந்தார்கள். ரொட்டி சார்ட்டில் உள்ள எண்ணை 0.7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய குளுக்கோஸ் கணக்கு வந்துவிடும். 55 வரை குறைவு, 70-லிருந்து அதிகம் என்று நாம் சொல்வது குளுக்கோஸ் கணக்குக்கு மட்டும்தான்.

தர்பூசணி பாவம். ஜிஐ அளக்கும்போது 50 கிராம் கார்போஹைட்ரேட் வருகிற அளவு சாப்பிடக் கொடுத்து, 2 மணி நேரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். தர்பூசணியில் 50 கிராம் வர வேண்டுமென்றால் 700 கிராம் பழம் தின்ன வேண்டும், அதுவும் வெறும் வயிற்றில். யார் தின்கிறார்கள்? 150 கிராம் துண்டில் இருப்பது சுமார் 11 கிராம். 72-ஐ 11-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 8. இதுதான் கிளைசீமிக் லோடு. 10 வரை குறைவு. ஐஸ்கிரீம் பச்சையில் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள கொழுப்பு. வயிறு மெதுவாகக் காலியாகிறது, சர்க்கரையும் மெதுவாக ஏறுகிறது. அதனால் அது நல்ல சாப்பாடு ஆகிவிடுமா என்ன?

நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒருவருக்கு ஜிஐ 55 உள்ள அரிசியை எழுதிக் கொடுத்தேன். 3 மாதம் கழித்து எச்பிஏ1சி (2-3 மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏறியிருந்தது. "எவ்வளவு சாப்பிடுறீங்க?" என்றேன். "நல்ல அரிசின்னு சொன்னீங்களே, ரெண்டு பங்கா போட்டுக்கறேன்" என்றார். 150 கிராம் சோற்றுக்கு லோடு 23. அவர் தட்டில் 46. அளவைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. அன்றிலிருந்து சார்ட்டைக் கொடுப்பதில்லை.

அதற்காக ஜிஐயைத் தூக்கிப் போடவும் இல்லை. ஒரே வகைக்குள் மாற்றிக் கொடுக்க அது நன்றாக உதவும்: இந்த ரொட்டிக்குப் பதில் முழுத் தானியம் சேர்த்த ரொட்டி, உடனடி ஓட்ஸுக்குப் பதில் அதிக நேரம் வேகும் ஓட்ஸ் என்று. முதலில் அளவு, அப்புறம் பருப்பும் காய்கறியும், கடைசியில்தான் ஜிஐ. உருளைக்கிழங்கைச் சூடாகச் சாப்பிடுவதும் ஆறவைத்துச் சாப்பிடுவதும்கூட ஒன்றல்ல. ஆறினால் மாவின் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறிவிடும். எந்த உருளைக்கிழங்கு என்று சார்ட்டா சொல்லும்?

பதில்: டைப் 1, இன்சுலின் போடுபவன்
நான் நோயாளி பக்கத்திலிருந்து சொல்கிறேன். சாப்பிடும் முன் ஒருமுறை, முதல் வாய் வைத்து 2 மணி நேரத்தில் ஒருமுறை விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு ஏற்றும் சாப்பாடு என் நண்பனுக்கு ஏற்றுவதில்லை. என் நோட்டு எனக்குச் சொன்ன அளவுக்கு எந்த அட்டவணையும் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. சார்ட்டை இன்றே கழற்றிவிட்டேன். இன்னொரு சந்தேகம்: குறைந்த ஜிஐ நல்லது என்று சொல்லிப் பழகியவர், சுகர் இறங்கினால் சாக்லேட்டைக் கடித்துக்கொண்டு உட்கார மாட்டாரா?

பதில்: 22 வருட டயட்டீஷியன்
உட்காருவார், பார்த்திருக்கிறேன். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அந்த நேரம் வேகம்தான் வேண்டும்: 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் தாமதமாகும். இதைத் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள். ஒன்று கவனம்: அகார்போஸ் மாத்திரை (குடலில் மாவும் சர்க்கரையும் உடைவதைத் தாமதப்படுத்தும் மருந்து) எடுப்பவருக்குச் சாதாரண சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தால் சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸேதான் வேண்டும். மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.