வளவு யூகலிப்டஸ் பலகை வெடிக்குது, மிச்சக் குற்றிகளை எப்படிக் காய வைப்பது?

உப்புவெளி வளவு:
வணக்கம். அப்பா எங்கள் வளவின் மேற்கு மூலையில் நட்ட யூகலிப்டஸ் மரத்தைப் போன மாதம் தறித்தோம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கரையேறிய இரவு அதன் பெரிய கிளையொன்று முறிந்து கிணற்றுக்கட்டில் விழுந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பக்கம் போகவே பயம். இந்த வருடம் அடிமரத்தில் பொந்தும் தெரிந்தது, வேறு வழியில்லை.

அந்த மரத்திலேயே ஒரு வாங்கு செய்து முற்றத்தில் போட வேண்டும். அப்பா பின்னேரத்தில் அங்கேதான் கதிரையைப் போட்டு இருப்பார். நான்கு குற்றிகளில் இரண்டை மரக்காலையில் ஒன்றேகால் அங்குலப் பலகையாக அரிந்து, சுவரோரம் வெயிலில் சாத்தினேன். நல்ல கச்சான் காற்று அடிக்கிறது, கெதியாகக் காயும் என்று நினைத்தேன். பத்தாம் நாள் பார்த்தால் இரண்டு நுனியிலும் முழ நீளத்துக்கு வெடிப்பு. ஒரு பலகை கூரைத் தகரம் மாதிரிக் குழிந்து, தடவினால் வரி வரியாகக் கையில் தட்டுகிறது. வேப்பம்பலகையை இப்படித்தான் காய வைத்தோம், ஒன்றும் ஆகவில்லையே. மிச்ச இரண்டு குற்றியையாவது காப்பாற்ற வேண்டும்.

இன்னொன்று. மாரிக்கு முன் எங்கள் ஒழுங்கையில் 40 கன்று நடப் போகிறார்கள். எல்லாமே மகாகனியாம். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் கூட்டத்தில் சொல்லக் காரணம் தெரியவில்லை.

தம்பலகாமம் ஓடாவி:
தங்கச்சி, கச்சானில்தான் பிழைத்தது. யூகலிப்டஸை வேம்போடு சேர்த்துப் பார்க்காதீர்கள். அதன் மேல்பக்கம் கெதியாகக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். வெடிக்காமல் என்ன செய்யும்? அந்தத் தகர வரி வேறு சங்கதி. உள்ளே நிறைந்திருக்கும் தண்ணீர் வேகமாக வெளியேறும்போது மரத்தின் நுண்குழாய்ச் சுவர்களை உள்ளுக்கு இழுத்துச் சப்பளிக்கிறது. நீராவி அறை உள்ள இடத்தில், பலகை ஓரளவு காய்ந்த பிறகு சில மணி நேரம் ஆவியில் வைத்தால் பெரும்பாலும் நிமிரும். அது கிடைக்காவிட்டால் முழுதாகக் காய்ந்ததும் சீவி எடுங்கள், தடிப்புத்தான் கொஞ்சம் குறையும்.

குற்றிகளின் இரண்டு வெட்டுமுகத்திலும் இன்றைக்கே மெழுகையோ தடிப்பான பெயின்டையோ இரண்டு தரம் பூசுங்கள். ஈரம் நுனியால்தான் மிக வேகமாக ஓடும். குற்றியாகவே போட்டு வைக்காமல் கெதியாக அரியுங்கள். அரியும்போது நடுக்குருத்து, அதாவது குற்றியின் நட்ட நடு மையம், எந்தப் பலகையிலும் வரவேண்டாம், அதை ஒரு சட்டமாகக் கழித்துவிடச் சொல்லுங்கள். இந்த மரம் நிற்கும்போதே உள்ளே இழுவையோடு நிற்கும். வாள் போகப் போகப் பலகை வில்லாக வளைவதை நீங்களே காண்பீர்கள்.

பிறகு கூரைக்குக் கீழே, நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கல் வைத்து மட்டம் பார்த்து அடுக்குங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு ஒரு காய்ந்த ரீப்பை, அதாவது மெல்லிய சட்டம். ரீப்பைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேரில் நிற்க வேண்டும், விலகினால் பலகை அந்த இடத்தில் வளையும். மேலே பாரக் கல். கச்சான் வரும் பக்கத்தைக் கிடுகாலோ சாக்காலோ மறையுங்கள், முதல் இரண்டு மாதமும் கட்டாயம். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பொறுங்கள்.

கிண்ணியா மரவேலை:
ஓடாவி நானா சொன்னதுதான் சரி. காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. நுனியிலிருந்து ஒரு அடி தள்ளிச் சிறு துண்டு வெட்டி நிறுங்கள். 103 பாகை செல்சியஸில் கேக் சுடும் அவனில் வைத்து, நிறை இனிக் குறையாது என்று ஆகும்வரை காய்ச்சித் திரும்ப நிறுங்கள். 620 கிராம் 400 ஆனால், குறைந்த 220ஐ 400ஆல் பிரிக்க வேண்டும், ஈரம் 55 வீதம். முற்றத்து வாங்குக்கு 15 வீதம் போதும். வெட்டிய முகத்தில் உடனே மெழுகு பூச மறக்காதீர்கள்.

ஓர்ஸ் ஹில் நாற்றுமேடை:
அக்கா, கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிராங்க் சந்தமூர் 1990இல் ஒரு கணக்குத் தந்தார்: நகர மரங்களில் ஒரே இனம் 10 வீதத்துக்கு மேல் வேண்டாம், நெருங்கிய இனங்கள் சேர்ந்த ஒரே பேரினம் 20, பேரினங்கள் சேர்ந்த ஒரே குடும்பம் 30. அங்கே தெருத்தெருவாக எல்ம் மரமே நட்டிருந்தார்கள், ஒரு பூஞ்சண நோய் வந்து வரிசை வரிசையாகப் பட்டுப்போனது. மகாகனிக்கும் குருத்தைத் துளைக்கும் புழு உண்டு. ஒன்றுக்கு வந்தால் அடுத்ததுக்குப் போக அதற்கு ஒழுங்கை முழுக்க வழி.

40 கன்று என்றால் ஒரு இனத்தில் 4. பெயரை மட்டும் நம்பாதீர்கள். வேம்பு, மகாகனி, மலைவேம்பு ஒரே குடும்பம். பாலை, இலுப்பை, மகிழம் மூன்றும் இன்னொரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு 12க்குள் நில்லுங்கள். மிச்சத்துக்கு நாவல், புளி, பூவரசு, வீரை, முதிரை. கரண்ட் கம்பிக்குக் கீழே கொன்றையும் நெல்லியும். மான் வரும் இடமென்றால் கன்றுக்கு ஆள் உயரக் கூடு அடியுங்கள், கோட்டைப் பக்கம் நான் நட்ட நாவல் இரண்டையும் ஒரே இரவில் தின்றுவிட்டன.

உப்புவெளி வளவு:
எல்லோருக்கும் நன்றி. கோயிலுக்கு எடுத்து வைத்திருந்த மெழுகுதிரி மிச்சத்தை உருக்கி நான்கு வெட்டுமுகத்திலும் பூசிவிட்டேன். ஒன்றில் மயிரிழை வெடிப்பு ஏற்கனவே இருக்கிறது, அதை அரிந்து எறியப் பார்க்கிறேன். அடுக்க இடம் கிணற்றடிக் கொட்டில், அங்கே கச்சான் படாது. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. தம்பி, வீரைக் கன்று உங்களிடம் நான்கு கிடைக்குமா?