பசார் மாலாமில் மரச்சாமான்: எது விலைபோனது, எது வீட்டுக்குத் திரும்பியது?

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட், மலேசியா)
பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடை போட்டு மூன்று வாரமாகியும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்தில் 25, 30 வயதாகிப் பால் வற்றிய ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். அப்போது வாங்கிப் போட்ட பலகையில் ஆறு பல்லாங்குழி செதுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள். மேசை நிறையட்டும் என்று கூடவே கொஞ்சம் சப்பாத்திக் கட்டைகள்.

எட்டு மணி வாக்கில் ஒரு மலாய் மக்சிக் (அத்தை) வந்து நின்றார். பலகையை எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு, குழி குழியாக விரலால் தடவிக்கொண்டே போனார். ஏழு, திரும்பி ஏழு. ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. "ருமா மானா?" வீடு எங்கே என்கிறார்.

நம் பலகையில் 14 குழிதான். அவர்களுடைய சொங்காக்கில் அதே ஏழும் ஏழும், அதோடு இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி. சேர்த்த காயைப் போடுகிற வீடு அது. அந்த இடத்தில் நான் மாங்காய் வேலைப்பாடு செதுக்கியிருந்தேன். அவர் அந்த மாங்காய் மேல் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டிச் சிரித்தார். பலகையைப் பதமாகக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று ஏழு சப்பாத்திக் கட்டை போனது, ஒன்று 12 வெள்ளி (ரிங்கிட்). பல்லாங்குழி ஆறும் காரின் பின்னால் தூங்குகின்றன. யாராவது விற்றிருக்கிறீர்களா?

முறுக்கக்கா
பல்லாங்குழி நான் விற்றதில்லை. முறுக்கு உரல் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் நன்றாகப் போகும். தீபாவளி முடிந்த மறுநாள் சும்மா கொடுத்தாலும் ஆள் கிடையாது. பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு பாட்டி, கூட்டத்துக்கு நடுவில், உரலை மேசையில் டொக்கென்று வைத்தார். மாவோடு. பிழியும் கட்டை பாதியில் சிக்கி நிற்கிறது. "உன் உரல் மாவைப் பிழியலம்மா, என்னைத்தான் பிழியுது!" பக்கத்து அப்பம் பாலிக் கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். கடையில் வழுவழுவென்று இறங்கிய கட்டைதான். பாட்டி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறார், மரம் ஊதிவிட்டது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது சுற்றிலும் ஒரு அட்டை நுழைகிற அளவு இடைவெளி விட்டுத்தான் செய்கிறேன்.

மரம்பார்த்தவன்
தம்பி, குழி பதினாலா பதினாறா என்பதை விடுங்கள். பால் மரத்தில் செய்ததுதான் முதல் தப்பு. அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். அறுத்த சில நாளிலேயே நீலக் கறை பிடிக்கும். கறையாவது பார்வைக்குத்தான் அசிங்கம், பலம் பெரிதாகக் குறையாது. பூச்சி அப்படியில்லை: மேலே ஊசித் துளை, கீழே பவுடர் மாதிரித் தூள், உள்ளே ஒன்றும் இருக்காது. ஆலைகளில் அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றி, சூளையில் காய வைப்பார்கள். நீங்கள் கொட்டகையில் சாய்த்து வைத்திருப்பீர்கள். அப்புறம், நல்லெண்ணெய் தடவாதீர்கள். அது காயாது, பிசுபிசுவென்று தூசிதான் ஒட்டும். ஆளி விதை எண்ணெயை லேசாகத் தடவிக் காற்றாட விடுங்கள். விலைச் சீட்டு ஒட்டுங்கள். வெள்ளை விளக்கு வேண்டாம், மஞ்சள் விளக்கில்தான் மரம் மரமாகத் தெரியும். உட்கார்ந்து கைப்பேசி நோண்டாதீர்கள். என் அனுபவம் என்றால், ஒருமுறை மரத்தில் சாவிக்கொத்து செய்து விற்றேன். போகவில்லை.

முறுக்கக்கா
போரான் ஏற்றிய கட்டையில் சப்பாத்தி தேய்க்கச் சொல்கிறீர்களா? ஈரம் பட்டால் அந்த மருந்து கசிந்து வரும். நாற்காலிக்குச் சரி, அடுப்படிக்கு வேண்டாம். நான் உரலுக்குப் பலா மரம்தான். தம்பி கைப்பேசி நோண்டினதாக எங்கே எழுதியிருக்கிறார்?

உளிச்சத்தம்
ஒரு சீனப் பாட்டி, விரிசல் விட்ட அங்கு குவே (ஆமை வடிவச் சீனப் பலகாரம்) அச்சைக் கொண்டுவந்து இதே மாதிரி வேண்டும் என்றார். ஆமை ஓட்டு அச்சு. கோடு கோடாக எண்ணிச் செதுக்கினேன். மறுவாரம் பையிலிருந்து ஒரு உருண்டை மாவை எடுத்து, என் அச்சில் அழுத்தி, மேசை விளிம்பில் தட்டினார். விழவில்லை. இன்னொரு தட்டு. ம்ஹூம். பழைய அச்சில் அழுத்தி ஒரே தட்டு, ஆமை கையில் வந்து விழுந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, ஆமையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் பக்கச் சுவரைச் செங்குத்தாக வெட்டியிருந்தேன். பழையதில் வாய்ப்பக்கம் லேசாக அகன்றிருக்கிறது. சரிசெய்து கொடுத்தேன், 45 வெள்ளி. அவர் சொல்லி இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

லயத்துப்பையன்
மரம்பார்த்தவன் ஐயா, நீலக் கறை இரண்டு பலகையில் ஏற்கனவே வந்துவிட்டது. நேற்று இன்னொன்றில் மாங்காயைத் தோண்டி எறிந்துவிட்டு வீடு வைத்தேன். அம்மா அதை வாங்கிப் புளியங்கொட்டை போட்டு ஒரு சுற்று ஆடினார். "இந்த ரெண்டு பெரிய குழி எதுக்குடா? வெத்திலை வைக்கவா?" என்கிறார்.