முகாம் வாசலோடு நின்றுபோகும் தேர்தல்: நெல்லைச் சீமை அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை:

"சட்டவிரோதமா வந்தவங்களை வெளியேத்துற கட்சிக்குத்தான் என் ஓட்டு" என்று சொல்கிறவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலும் உண்டு. டி.வி.யில் அஸ்ஸாமும் வங்காளமும் ஓடும்போது அது எங்கோ தூரத்து சங்கதி மாதிரி இருக்கும். ஆனால் சட்டம் அந்தப் பெயரால் குறிக்கிற பிள்ளைகள், நான் கங்கைகொண்டான் இலங்கைத் தமிழர் அகதி முகாம் பக்கம் வேலை பார்த்த காலத்தில் என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஜனவரி 25 வாக்காளர் தினம். பதினேழு வயது முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்பதால் பிளஸ் டூ பிள்ளைகளிடம் படிவம் 6 கொடுத்து நிரப்பச் சொன்னோம். முகாம் பிள்ளை ஒருத்தி, கணக்கில் முதல் மார்க் வாங்குகிறவள், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமலே இருந்தாள். பிறகு பையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். லேமினேஷன் ஓரத்தில் பிரிந்து உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. பிறந்த இடம் என்ற வரியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. "டீச்சர், நான் இங்கனதான பொறந்தேன்? எங்கம்மாவே சின்னப் பிள்ளையில வந்தவங்க." அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை.

அதன் பிறகு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் அதுவே போதும், குடியுரிமை உண்டு. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு இன்னும் இறுக்கிவிட்டார்கள்: இருவருமே இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராக இருந்து மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவர் பொதுவாகச் சட்டவிரோதக் குடியேறிதான். 1990-ல் உயிர் தப்பிப் படகேறி வந்த ஒரு குடும்பம் எந்த அலுவலகத்தில் போய் பாஸ்போர்ட் வாங்கியிருக்க முடியும்? அந்தப் பெயர் விழுந்துவிட்டால், எத்தனை வருஷம் இங்கே வாழ்ந்தாலும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியும் அடைபட்டுவிடுகிறது.

திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து நளினி என்ற பெண் 2024 ஏப்ரல் 19 அன்று முதல் முறையாக வாக்களித்த செய்தியை நிறையப் பேர் படித்திருப்பீர்கள். அவர் மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்தவர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்த்தான் பாஸ்போர்ட் வாங்கினார், அதை வைத்து வாக்காளர் அட்டை. இரண்டு வருஷம் தள்ளிப் பிறந்திருந்தால் அந்த வழியும் இல்லை. எனக்கு இது நியாயமாகவே படவில்லை. பிரச்சார வண்டி கங்கைகொண்டானில் ஒவ்வொரு தெருவாக நின்று போகும், முகாம் வாசலை மட்டும் நிற்காமல் கடந்துவிடும். கண்ணால் பார்த்தவள் நான்.

வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு கட்டட காண்ட்ராக்டர்:

டீச்சர் சொன்னதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. என்னிடம் டைல்ஸ் ஒட்டும் பையன் ஒருத்தன் மேற்கு வங்காளம் மால்டா மாவட்டத்துக்காரன். நல்ல வேலைக்காரன், சுவர் மூலையில் ஒரு நூல் பிசகாது. போன வருஷம் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் (பழைய பட்டியலோடு ஒப்பிட்டு ஓட்டாளர்களைச் சரிபார்க்கிற வேலை) நடந்தபோது நாலு இளவட்டங்கள் பைக்கில் வந்து, செல்போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே "நீ பங்களாதேஷ்தானல?" என்று அவனை மறித்தார்கள். அவன் சண்டைக்குப் போகவில்லை. சிமெண்ட் கையைத் துணியில் துடைத்துவிட்டு போனில் ஒரு படத்தைத் திறந்து காட்டினான். 2002-ஆம் வருஷத்து வாக்காளர் பட்டியல் பக்கம் அது. தாத்தா பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. எங்கே போனாலும் அதைக் காட்ட வேண்டியிருக்கிறது என்றான். எனக்கு நெஞ்சு கொதித்துப்போச்சு.

தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் ஏறக்குறைய 97 லட்சம் பெயர் இல்லை. அவர்கள் சொன்ன காரணம்: இறந்தவர்கள், இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் இல்லாதவர்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள். டீக்கடையில் பேசுகிற மாதிரி "அத்தனையும் வெளிநாட்டான் ஓட்டு" என்று அதில் எங்கேயும் இல்லை. பேசுகிறவர்கள் அந்தப் பட்டியலை ஒரு தரம் வாங்கிப் படிக்கட்டும்.

கடையத்திலிருந்து ஒரு வாசகி:

எங்கள் ஆச்சி இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய தாத்தா கடையம் பக்கமிருந்து தூத்துக்குடி போய்க் கப்பலேறியவர். 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மற்ற பல தொகுதிகளிலும் அவர்கள் ஓட்டு இடதுசாரிகளைத் தூக்கிவிட்டது. அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம், 1949-ல் ஓட்டும் போச்சு. இந்தியாவிலிருந்து வந்து நாட்டை நிரப்புகிறார்கள் என்ற பேச்சு அங்கே ஓட்டு வாங்கித் தந்தது. நம் தென்கரையிலிருந்து பிழைப்புக்குத் தோணியேறிப் போனவர்களைக் கள்ளத்தோணி என்று போலீஸ் தேடிப் பிடித்ததும் அந்தக் காலம்தான். அன்றைக்கு விரட்டப்பட்டவர்கள் நம் வீட்டு ஆட்கள் என்பதை இந்தச் சீமையில் இருக்கிறவர்களே மறந்துவிட்டுப் பேசும்போது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் தோட்டத் தமிழர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கு வைத்தார்கள். யாருக்கு எந்த நாடு வேண்டும் என்று வீட்டுக்கு வீடு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. ஆச்சி, அவள் புருஷனான எங்கள் தாத்தாவோடு சேர்ந்து இந்தியா கேட்டாள். அவள் தங்கச்சி, அதாவது எங்கள் சின்ன ஆச்சியின் புருஷன் வீட்டார் இலங்கை கேட்டார்கள், அது முடிவாகாமலே கிடந்தது. ஆச்சி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து இறங்கினாள். சின்ன ஆச்சி குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கு ஓடியது, 1990-ல் அங்கிருந்தும் ஓடி மண்டபத்தில் இறங்கி, கடைசியில் கோபாலசமுத்திரம் முகாமுக்கு வந்து சேர்ந்தது.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவள் இந்தியக் குடிமகள், எந்தத் தேர்தலையும் விட்டதில்லை, மை வைத்த விரலைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு வருவாள். இளையவள் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி, இரண்டு நாட்டிலும் ஒரு தரம்கூட ஓட்டுப் போட்டதில்லை. ஆச்சி இறந்தபோது சின்ன ஆச்சி அடக்கத்துக்கு வந்தாள். பதினாறாம் நாளுக்கு வர முடியவில்லை. அன்றைக்கு முகாமில் ஆள் கணக்கெடுப்பு, வருவாய் ஆய்வாளர் முன்னால் நிற்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்ற பயம். போனில் "அக்காளுக்குப் படைச்சியளா, என்ன படைச்சிய?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுழியன் போட்டோமா என்றுகூடக் கேட்டாள்.

2021-ல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் வைத்தார்கள், குடும்பத் தலைவருக்கு மாத உதவி 1,500 ரூபாய் ஆனது, 7,469 வீடு கட்டித் தருவதாக அறிவித்தார்கள். நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். சின்ன ஆச்சிக்கு ஓடு போட்ட வீட்டுக்குப் பதில் கான்கிரீட் வீடு வந்தது. குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லையே.

கங்கைகொண்டான் முகாமில் பிறந்தவன்:

எங்க அண்ணன் 2013 தொடக்கத்துல ஆஸ்திரேலியாவுக்குப் படகுல போனான். பெயிண்ட் அடிச்சு அப்பா சேர்த்ததும் அம்மா நகையும் அதுல போச்சு. அந்த வருஷம் செப்டம்பர்ல அங்க தேர்தல். படகுகளை நிறுத்துவோம்னு சொன்ன டோனி அபாட் ஜெயிச்சார். இருந்த அரசாங்கமும் அதுக்கு முன்னாடியே, ஜூலை 19-லயே, இனி படகுல வர்றவங்களை இங்க குடியமர்த்த மாட்டோம்னு அறிவிச்சிருந்துச்சு. ரெண்டு பெரிய கட்சியும் எங்க அண்ணன் மாதிரி ஆட்களை வெச்சுத்தான் ஓட்டுக் கேட்டாங்க. 2014-ல புதுச்சேரியிலிருந்து கிளம்பின 157 தமிழரை வாரக்கணக்கா கடல்லயே கப்பல்ல அடைச்சு வெச்சு, பிறகு நவ்ரு தீவுத் தடுப்பு முகாமுக்கு அனுப்பினாங்க. அண்ணன் இன்னைக்கும் தற்காலிக விசாவுலதான் இருக்கான். அப்பா முகத்தை நேர்ல பார்த்து எத்தனையோ வருஷமாச்சு.

ஆனா அதே நாட்டுல பிலோயெலாங்கிற சின்ன ஊர்க்காரங்க, தங்களோட வாழ்ந்த ஒரு ஈழத்துக் குடும்பத்தைத் திருப்பித் தரச் சொல்லி வருஷக்கணக்கா போராடினாங்க. 2022 மே தேர்தல்ல ஆட்சி மாறுச்சு, ஜூன்லயே அந்தக் குடும்பம் ஊருக்கு வந்துடுச்சு. ஓட்டு உள்ளவங்க நினைச்சா நடக்கும்.

எங்களுக்கு 2025 செப்டம்பர்ல ஒரு உத்தரவு வந்துச்சு: 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழர் மேல பாஸ்போர்ட், விசா இல்லைன்னு தண்டனை நடவடிக்கை கிடையாது. ஜெயில் பயம் போச்சு, அதுக்கு நன்றி. குடியுரிமை அதுல இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணும் இருக்கு, இலங்கை இல்லை. உங்க எம்.பி.கிட்ட அந்த நாலாவது பேரைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்க அண்ணாச்சி. நாங்களும் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா வாக்காளர் எண் போட்ட மனுவை அவங்க கையில வாங்கிப் படிக்கிறாங்க.