நெய்ல் கன் முதல் நான்கு ஆணியை இறக்குகிறது, அப்புறம் பாதியிலேயே விட்டுவிடுகிறது

கேள்வி:
வணக்கம். 18 கேஜ் பிராட் நெய்லரில் (காற்றழுத்தத்தில் மெல்லிய ஆணி அடிக்கும் கன்) அலமாரிச் சட்டத்துக்கு 50 மி.மீ. ஆணி அடிக்கிறேன். முதல் நான்கைந்து ஆணி அழகாக இறங்குகிறது. அதற்கப்புறம் வேகமாக அடித்துக்கொண்டே போனால் 2, 3 மி.மீ. தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கம்ப்ரசர் மீட்டர் காற்றழுத்தம் 100 பிஎஸ்ஐ என்று காட்டுகிறது. கன்னில் அதிகபட்சம் 100 என்று போட்டிருப்பதால் அதற்கு மேல் ஏற்றப் பயம். ஆழம் வைக்கும் திருகையும் கடைசி வரை திருப்பிவிட்டேன். கன் போய்விட்டதா?

பதில் 1:
அந்த அளவைத் தாண்டவே வேண்டாம். முதல் நாலு நன்றாக இறங்குகிறது என்றால் கன் மேல் எனக்குச் சந்தேகமில்லை, காற்றுதான் சரியாக வந்து சேரவில்லை. கம்ப்ரசரில் இரண்டு மீட்டர் இருக்கும். ஒன்று டேங்கில் இருப்பது, மற்றது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தாண்டி ஹோஸுக்குப் போவது. நீங்கள் பார்ப்பது எது? சும்மா இருக்கும்போது முள் காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கன்னில் காற்று நுழையும் வாயிலேயே ஒரு சின்ன மீட்டர் மாட்டி, கழிவுக் கட்டையில் வரிசையாகப் பத்து ஆணி அடித்துப் பாருங்கள்.

பதில் 2:
எண்ணெய் விட்டீர்களா? கன்னுக்குள் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்தால் பிஸ்டன் இழுத்துக்கொண்டு ஓடும், அடி பலவீனமாகும். காற்று நுழையும் வாயில் நியூமேட்டிக் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு போதும். எண்ணெய் வேண்டாத ரகம் என்றால் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

கேட்டவர்:
எண்ணெய் காலையில்தான் விட்டேன். அந்த 100 டேங்க் மீட்டர்தான், கவனிக்காமல் இருந்திருக்கிறேன். ஹோஸுக்குப் போவது 90, அடிக்கும்போதும் அப்படியே நிற்கிறது. கன் வாயில் முதலில் 90 காட்டுகிறது, வேகமாக அடித்தால் 65க்கு இறங்கி, மெதுவாகத்தான் ஏறுகிறது. மெல்லிய சுருள் ஹோஸ் இரண்டை நடுவில் பழைய கப்ளர் போட்டு இணைத்திருக்கிறேன்.

பதில் 1:
அப்படியென்றால் டேங்க், ரெகுலேட்டர் இரண்டும் சரி. அடைப்பு வழியில் இருக்கிறது. அந்தப் பழைய கப்ளரைக் கழற்றி, ஒரே ஹோஸில் அடித்துப் பாருங்கள். கப்ளருக்குள் இருக்கும் வால்வு முழுதாகத் திறக்காவிட்டால் நின்ற நிலையில் அழுத்தம் சரியாகவே காட்டும், காற்று ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும். தூரம் கட்டாயம் வேண்டுமென்றால் 3/8 அங்குல ஹோஸ் போடுங்கள். கால் அங்குலத்தைவிட அதன் உள்வழியின் பரப்பு இரண்டேகால் மடங்கு.

கேட்டவர்:
கப்ளர்தான்! உள்ளே துரு ஏறி வால்வு பாதியில் சிக்கியிருந்தது. இப்போது ஒரே ஹோஸ், வேகமாக அடித்தாலும் 85க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் பிளைவுட்டில் ஆணி ஆழமாகப் புதைகிறது. சட்டத்தில் முடிச்சு இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு மி.மீ. நிற்கிறது. நேற்று நீட்டி நின்றவற்றின் மேலேயே இன்னொரு தடவை சுடலாமா?

பதில் 2:
வேண்டவே வேண்டாம்! ஆணி மேல் ஆணி அடித்தால் எந்தப் பக்கம் வளைந்து வெளியே வரும் என்று சொல்ல முடியாது. பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். முடிச்சிலிருந்து இரண்டு விரல் தள்ளி அடியுங்கள், முடிச்சில் மரம் இரும்பு மாதிரி இருக்கும். கன் மூக்கை மரத்தில் அழுத்தியே பிடியுங்கள், கன் துள்ளினாலும் ஆணி தலை நீட்டிக்கொண்டுதான் நிற்கும்.

துரு வந்திருப்பதால் டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். வேலை முடிந்ததும் வடித்துவிடுங்கள்.

பதில் 1:
ஆழத் திருகைக் கடைசியில் வைத்திருந்தீர்களே, அதனால்தான் புதைகிறது. நடுவுக்குக் கொண்டுவந்து, அதே பிளைவுட் துண்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சோதியுங்கள். மூக்குப் பக்கம் கை வைக்கும் முன் ஹோஸைக் கழற்றிவிடுங்கள்.