மனநலம் சரியில்லாதவரை நடுராத்திரியில் போலீஸ் எங்கே கொண்டுபோகும்?

மழைக்குருவி:
போன வாரம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், தனக்குத்தானே பேசிக்கொண்டு வருகிற பஸ்ஸுக்கெல்லாம் முன்னால் போய் நின்றார். 100க்குப் போன் செய்தேன். ஏட்டும் ஒரு பெண் காவலரும் வந்தார்கள். அதட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்து வண்டியில் ஏற்றினார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில், மனநல டாக்டர் காலையில்தான் வருவார், கூட ஆள் இல்லாமல் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடியும்வரை அந்தக் காவலர் ஸ்டேஷன் வராந்தாவில் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். இது போலீஸ் வேலையா? இதற்கு அரசு பணமே ஒதுக்குவதில்லையா?

பழைய எஸ்ஐ:
முதலில், போன் செய்தீர்களே, நன்றி. பலர் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். 1987 மனநலச் சட்டத்தில், இப்படிப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ஆர்டர் வாங்க வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு அதை மாற்றி, நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. லாக்கப்பில் வைக்கவே கூடாது. சட்டம் நல்ல சட்டம், ஆனால் அந்த ராத்திரியில் கதவு திறக்க ஆள் வேண்டுமே. ரோந்தில் இருப்பதே இரண்டு பேர், இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் அந்த ஏரியாவுக்குக் காவல் கிடையாது. எங்கள் காலத்தில் இப்படிப்பட்டவர்களை அடுத்த ஸ்டேஷன் எல்லையில் இறக்கிவிட்டு வந்ததும் உண்டு. நானும் செய்திருக்கிறேன், அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

வார்டு அக்கா:
மனநல நர்ஸாக இருக்கிறேன். மத்திய சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்குப் போவது சுமார் 1 சதவீதம்தான், அதிலும் பெரும்பங்கு பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, ஆனால் ஒரு டாக்டர் எத்தனை ஊருக்குப் போவார்? மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டு மாவட்டத் தலைநகருக்கு வர வேண்டுமென்றால் இரண்டாவது மாதமே நிறுத்திவிடுகிறார்கள், அப்புறம் நோய் முற்றி 100க்குப் போன் போகிறது. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை கிடைத்திருந்தால் அந்தப் போனுக்கே வேலை இல்லை. 2001இல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். அதற்குப் பிறகும் ஜனங்களுக்குப் பக்கத்தில் வைத்தியம் இல்லையென்றால் என்ன சொல்ல. தமிழ்நாட்டில் சில மாவட்டங்களில் வீடற்ற மனநோயாளிகளுக்கென்றே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் உள்ளன. காலையில் அங்கே கேட்டுப் பாருங்கள். ஆலோசனைக்கு 14416, எந்த நேரமும் பேசலாம்.

ஓரிகன்வாசி:
நான் இருக்கும் அமெரிக்க மாநிலத்தில் யூஜின் என்ற ஊரில் 1989இலிருந்து 'கஹூட்ஸ்' என்று ஒன்று ஓடியது. இந்த மாதிரி அழைப்புக்குப் போலீஸுக்குப் பதில் ஒரு மருத்துவ உதவியாளரும் மனநெருக்கடியைக் கையாளத் தெரிந்த ஒருவரும் வேனில் போவார்கள், கையில் ஆயுதம் இருக்காது. ஊர் ஊராக இதைப் பார்த்துத் தொடங்கினார்கள், டென்வரில் 2020இல். ஆனால் பணத்தட்டுப்பாட்டால் 2025 ஏப்ரலில் யூஜினிலேயே நின்றுபோனது. முப்பத்தைந்து வருடம் ஓடிய வேலைக்கே இந்தக் கதி, அதனால் வருடா வருடம் நிதி உறுதியாக வரும்படி கேளுங்கள்.

பழைய எஸ்ஐ:
இன்னொன்று, அந்தப் பெண் வீடில்லாமல் சுற்றியவர் என்றால் காணாமல்போனவர் என்று எஃப்ஐஆர் போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும், அதுவும் அதே பிரிவில் இருக்கிறது. ஸ்டேஷனில் கேளுங்கள்.

மழைக்குருவி:
கேட்டேன் ஐயா, போட்டுவிட்டார்கள். அவர் பேசுவது தெலுங்காம். அக்கா சொன்ன மையத்தில் நேற்று சேர்த்திருக்கிறார்கள், அந்தப் பெண் காவலரே கூடப் போனாராம். ராத்திரியிலும் மனநல வார்டு திறந்திருக்க வேண்டும் என்று கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறேன். என்னென்ன எழுத வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.